கால் அதிகம் வியர்ப்பவர்களுக்கு மலையேற்ற ஷூ: வாங்குவது முதல் உலர்த்துவது வரை முழுமையான வழிகாட்டி

மலையேற்றத்துக்கு ஷூ வேண்டும் என்று கடையில் கேட்டால் முதலில் எடுத்துக் காட்டுவது வாட்டர்ப்ரூஃப் பூட்ஸைத்தான். விலை கூடுதல் என்பதால் தரமும் கூடுதலாகத்தான் இருக்கும் என்று தோன்றும். ஆனால் சாக்ஸைக் கழற்றிப் பிழிந்தால் சொட்டுகிற அளவுக்குக் கால் வியர்க்கும் ஒருவர் வால்பாறைப் பக்கமோ அகத்தியமலைப் பக்கமோ நடக்கப் போகிறார் என்றால், அவர் வாங்கக் கூடாத ஷூ அதுதான். மழையை உள்ளே விடாத அந்தச் சுவர், உள்ளே ஊறுகிற தண்ணீரையும் எளிதில் வெளியே விடுவதில்லை.

அதிகம் வியர்க்கிற கால் எப்படியும் நனையத்தான் போகிறது. நனைந்த ஈரம் எவ்வளவு சீக்கிரம் வெளியேறும் என்பதை வைத்துத்தான் ஷூ, சாக்ஸ், இன்சோல் (ஷூவுக்குள் பாதத்துக்கு அடியில் இருக்கும் மெத்தைத் தகடு) எல்லாவற்றையும் எடை போட வேண்டும்.

## 1. முதலில் வியர்வையை அளந்து பாருங்கள்

கால் வியர்வையில் இரண்டு வகை உண்டு. உடல் சூடேறும்போது அதைத் தணிக்க வருவது ஒன்று. நடக்கும்போது வரும் இந்த வியர்வை உள்ளங்காலைவிடப் புறங்காலிலும் கணுக்காலின் உட்பக்கத்திலும்தான் அதிகம் சுரக்கிறது. வியர்வை என்றாலே உள்ளங்கால் என்று நினைத்து எல்லோரும் இன்சோலை மட்டும் மாற்றிக்கொண்டிருப்பார்கள். ஷூவின் மேல்பாகத்தையும் லேஸுக்கு அடியில் இருக்கும் நாக்கையும் யாரும் கவனிப்பதில்லை.

இரண்டாவது வகை உள்ளங்காலுக்கே உரியது. வெயில் இல்லாமலே, பதற்றத்தாலும் நரம்புத் தூண்டலாலும் வரும். ஏசி அறையில் சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் தரையில் ஈரத்தடம் பதிகிறது, உள்ளங்கையும் கூடவே வியர்க்கிறது என்றால் இது உங்களுக்கு இருக்கிறது. மருத்துவர்கள் ஹைப்பர்ஹைட்ரோசிஸ் என்பார்கள். இவர்கள் எவ்வளவு நல்ல ஷூ வாங்கினாலும் பாதிக் கிணறுதான் தாண்டியிருப்பார்கள். 6-ஆம் பகுதியில் சொல்லும் மருந்தும் சேர்ந்தால்தான் பலன்.

உங்கள் கால் எவ்வளவு வியர்க்கிறது, இப்போது இருக்கிற ஷூ அதில் எவ்வளவைப் பிடித்து வைத்துக்கொள்கிறது என்று பார்க்க, 1 கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு போதும்.

1. உலர்ந்த சாக்ஸ் ஜோடியையும் ஷூவிலிருந்து கழற்றிய இன்சோல் ஜோடியையும் சேர்த்து எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.
2. இன்சோலைத் திரும்பப் போட்டு, 60 நிமிடம் வேகமாக நடங்கள். மாடிப்படி ஏறி இறங்கினால் இன்னும் நல்லது.
3. வீட்டுக்கு வந்த உடனே இரண்டையும் கழற்றி மறுபடி எடை போடுங்கள். பத்து நிமிடம் தள்ளிப்போட்டால் கணக்குத் தப்பிவிடும்.
4. இன்னொரு நாள், அதே நேரத்தில், அதே வழியில், வேறு சாக்ஸோ வேறு ஷூவோ போட்டு இதையே திரும்பச் செய்யுங்கள்.

கூடிய எடை அத்தனையும் வெளியேற வழியில்லாமல் உள்ளே தங்கிய வியர்வை. ஒரே கால், ஒரே நடை. எந்த ஜோடியில் எடை குறைவாகக் கூடுகிறதோ அதுதான் உங்கள் காலுக்கு மூச்சு விடுகிறது. பெட்டியில் அச்சடித்திருக்கும் ‘ப்ரீத்தபிள்’ என்ற வார்த்தையைவிட இந்த எண்ணை நம்பலாம்.

## 2. எந்த மலை, எந்த மாதம்

வாட்டர்ப்ரூஃப் ஷூக்களுக்குள் இருக்கும் மெம்ப்ரேன் நுண்துளைகள் கொண்ட மெல்லிய படலம். கோர்டெக்ஸ் இதில் பெயர் பெற்றது. தண்ணீர்த் துளி நுழைய முடியாத அந்தத் துளைகள் வழியே நீராவி போகும். இது பொய்யில்லை. ஆனால் நீராவி தானாகப் போவதில்லை. உள்ளே இருக்கும் ஆவி அழுத்தம் வெளியே இருப்பதைவிட அதிகமாக இருந்தால்தான் போகும்.

கணக்கைப் பாருங்கள். வியர்வையில் நனைந்த 33 டிகிரி தோலுக்குப் பக்கத்தில் ஆவி அழுத்தம் சுமார் 5 கிலோபாஸ்கல் (அழுத்தத்தை அளக்கும் அலகு). வெளியே 27 டிகிரி, ஈரப்பதம் 90 சதவீதம் உள்ள சோலைக்காட்டில் அது 3.2. வித்தியாசம் 1.8 மட்டும். அதே ஷூ, 5 டிகிரியும் 50 சதவீத ஈரப்பதமும் உள்ள இமயமலைச் சரிவில் இருந்தால் வெளி அழுத்தம் 0.4-தான், வித்தியாசம் 4.6. ஒரே படலத்தின் வழியாக வியர்வையைத் தள்ளும் விசை நம் காட்டில் பாதிகூட இல்லை. மேலே தோல், ஸ்பாஞ்ச், பசை என்று இன்னும் மூன்று அடுக்குகள் வேறு. வெளித்துணி மழையில் ஊறிப்போய்விட்டால் இருக்கிற கொஞ்ச வழியும் அடைபடும்.

ஆகவே ஷூவைப் பார்ப்பதற்கு முன் இடத்தைத் தீர்மானியுங்கள்.

காய்ந்த மலைகள், ஜனவரி முதல் மே வரை. ஜவ்வாது, கல்வராயன், பர்வதமலை போன்ற இடங்கள். வெயிலும் பாறைச் சூடும்தான் பிரச்சினை. கணுக்காலை மூடாத தாழ்ந்த கழுத்துள்ள மெஷ் (வலைத்துணி) ஷூ, மெல்லிய சாக்ஸ். வேறு யோசனையே வேண்டாம். கறுப்பு ஷூ வெயிலில் கூடுதலாகச் சூடேறும். சாம்பல் அல்லது மண் நிறம் எடுங்கள்.

மழைக்காடும் தேயிலைத் தோட்டமும். இங்கே கால் மேலிருந்தும் நனையும், உள்ளிருந்தும் நனையும். ஓடையைக் கடக்கும்போது கணுக்காலுக்கு மேல் தண்ணீர் வந்தால் எந்த வாட்டர்ப்ரூஃப் ஷூவும் வாளியாகிவிடும். உள்ளே போன தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் நாள் முழுக்க சளக் சளக் என்று கூடவே நடக்கும். மெஷ் ஷூவில் அதே தண்ணீர், நடக்கிற அழுத்தத்திலேயே பெரும்பகுதி பிதுங்கி வெளியேறிவிடும். அமெரிக்க ராணுவம் வியட்நாம் காடுகளுக்குக் கொடுத்த ஜங்கிள் பூட்ஸ் இதே தர்க்கத்தில் செய்யப்பட்டதுதான்: மேலே நைலான் கித்தான், பாதத்தின் உட்பக்கத்தில் தண்ணீர் வடிய சல்லடை வைத்த துளைகள். நனையாமல் காப்பதை விட்டுவிட்டு, நனைந்ததை வடித்துவிடுவது.

பனி மலை. டிசம்பர், ஜனவரியில் உத்தராகண்டில் உள்ள கேதார்காந்தா போகிறவர்கள் மேலே சொன்னதைத் தலைகீழாக எடுத்துக்கொள்ள வேண்டும். உருகிய பனி மெஷ்ஷுக்குள் புகுந்தால் விரல்கள் விறைக்கும். இங்கே வாட்டர்ப்ரூஃப் பூட்ஸ்தான் சரி. வெளியே குளிர்ந்த காற்று இருப்பதால் மெம்ப்ரேனும் தன் வேலையைச் செய்யும். அப்போதும் வியர்வை அதிகமுள்ளவர்களுக்கு ஒரு தொல்லை: தடித்த கம்பளிச் சாக்ஸ் வியர்வையில் ஊறி, நின்றவுடன் ஜில்லிடும். உறைநிலைக்குக் கீழே இதற்கு ஒரு வழி உண்டு. முதலில் மெல்லிய செயற்கை இழை சாக்ஸ், அதன் மேல் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பை, அதற்கு மேல் கம்பளிச் சாக்ஸ். கால் ஈரமாகத்தான் இருக்கும், ஆனால் சூட்டைக் காக்கிற கம்பளி நனையாது. முகாமுக்கு வந்ததும் பையைக் கழற்றிக் காலைத் துடைத்து உலரவிட வேண்டும். இதைச் சூடான ஊரில் முயன்று பார்க்காதீர்கள்; ஒரே நாளில் தோல் வெந்ததுபோல் ஆகிவிடும்.

இமயமலைக்கு ஒன்று, நம் மலைக்கு ஒன்று என்று இரண்டு ஜோடி வாங்க மனமில்லாதவர்கள், அடிக்கடி போகிற மலைக்கு ஏற்றதை வாங்கிவிட்டுப் பனிக்குப் போகும்போது பூட்ஸை வாடகைக்கு எடுக்கலாம். கேதார்காந்தா ஏற்றம் தொடங்கும் சாங்க்ரியில் கிடைக்கும். சாக்ஸ் மட்டும் உங்களுடையதாக இருக்கட்டும்.

## 3. ஷூவைக் கையில் எடுத்துப் பார்க்கும் முறை

பார்க்க வேண்டிய வரிசை: மேல்பாகம், நாக்கு, உட்துணி, இன்சோல், கழுத்து உயரம், கடைசியாக அடிப்பாகம். கடைகளில் இதைத் தலைகீழாகச் செய்வார்கள். அடியைத் திருப்பிக் காட்டி, ‘கிரிப் பாருங்க சார்’ என்று ஆரம்பிப்பார்கள். கிரிப் முக்கியம்தான், ஆனால் கால் ஊறி நைந்து போனால் நடப்பதற்கே ஆள் இருக்க மாட்டார்.

மேல்பாகம். மொபைல் டார்ச்சை ஷூவுக்குள் விட்டு வெளியிலிருந்து பாருங்கள். புள்ளி புள்ளியாக ஒளி தெரிகிற இடம் எல்லாம் காற்று போகும் இடம். விரல்களுக்கு மேலும் இரண்டு பக்கங்களிலும் ஒளி தெரிய வேண்டும். சில ஷூக்களில் வெளியே பார்க்க மெஷ் மாதிரியே இருக்கும். உள்ளே ஸ்பாஞ்சும் கெட்டித் துணியும் ஒட்டியிருப்பதால் ஒளியே வராது. அவை அலங்கார மெஷ். அடுத்து, மெஷ் மீது வாயை வைத்து ஊதுங்கள். மறுபக்கம் வைத்த கையில் காற்று பட வேண்டும். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பரவாயில்லை.

மெஷ் மேல் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் பட்டைகளையும் கவனியுங்கள். பாறையில் உரசும் விரல் முனையிலும் குதிகாலிலும் அவை தேவை. அழகுக்காகப் பக்கவாட்டு முழுக்க ஓடினால் அத்தனை இடமும் அடைப்புதான். மெஷ்ஷின் கண் பெரிதாக இருந்தால் மணலும் அட்டையும் நுழையும். ஒளி தெரிய வேண்டும், கடுகு நுழையக் கூடாது. இந்த அளவு போதும்.

தோல் ஷூ வேண்டும் என்பவர்களுக்கு: உட்பக்கம் ஸ்பாஞ்ச் இல்லாத தோல் ஷூ வியர்வையைக் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும், ஒரு நாள் நடைக்குச் சரி. நனைந்தால் இரண்டு நாளானாலும் காயாது என்பதால் தொடர்ந்து பல நாள் நடப்பதற்கு ஒத்துவராது. இன்னொன்று, அதிக வியர்வை தோல் பதனிடப் பயன்படும் குரோமியத்தைக் கரைத்து வெளியே கொண்டுவரும். ஒவ்வாமை உள்ளவர்களுக்குப் புறங்காலில் அரிப்பும் தடிப்பும் வருவது இதனால் இருக்கலாம். அப்படி வந்தால் செயற்கை இழை ஷூவுக்கு மாறிப் பாருங்கள்.

நாக்கு. புறங்கால் அதிகம் வியர்க்கும் என்று சொன்னோமே, அந்த வியர்வை முதலில் சந்திப்பது நாக்கைத்தான். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அமுக்குங்கள். மெத்தை மாதிரி ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தடித்திருந்தால் அது வியர்வையைத் தேக்கும் ஸ்பாஞ்ச். ஷூவில் கடைசியாகக் காய்கிற இடமும் அதுதான். மெல்லிய, துளையிட்ட நாக்கு தேடுங்கள். லேஸ் அழுத்தாத அளவுக்குக் கனம் இருந்தால் போதும்.

நாக்கின் இரண்டு ஓரமும் ஷூவோடு தைக்கப்பட்டிருந்தால் காற்று கொஞ்சம் குறையும். பதிலுக்குக் கல்லும் அட்டையும் நுழையாது. மழைக்காட்டுக்கு அந்த வகையே மேல். தைத்த துணி மெல்லிய மெஷ்ஷாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

உட்துணியும் குதிகால் மெத்தையும். குதிகாலைச் சுற்றி விரலால் தடவிப் பாருங்கள். வழுவழுப்பான நைலான் உட்துணி நல்லது. டெர்ரி டவல் மாதிரியான பஞ்சுத்துணி ஈரத்தில் தோலைப் பிடித்து இழுக்கும். லேசாக ஈரமான தோலில்தான் உராய்வு மிக அதிகம். காய்ந்த தோல் வழுக்கும், முழுக்க நனைந்த தோலும் ஓரளவு வழுக்கும். வியர்க்கும் காலில் ஷூ அதிகமாகக் கடிப்பதற்கு இதுவே காரணம்.

இன்சோல். கழற்ற முடிய வேண்டும். ஒட்டியிருந்தால் அந்த ஷூவை வைத்துவிடுங்கள், உலர்த்தவே முடியாது. கழற்றியதன் அடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்க்கலாம். மூடிய நுரைக் குமிழிகள் கொண்ட ஈவிஏ (ஒரு வகைச் செயற்கை நுரை) இன்சோலில் சொட்டு அப்படியே நிற்கும், துடைத்தால் போயிற்று. திறந்த நுரை கொண்டது உறிஞ்சிவிடும்: மிதிக்க மெத்தென்று இருக்கும், நடக்கும்போது வியர்வையையும் இழுத்துக்கொள்ளும், ஆனால் காய மணிக்கணக்காகும். ஒரு நாள் நடைக்குத் திறந்த நுரை வசதி. கூடாரத்தில் தங்கி இரண்டு மூன்று நாள் நடப்பவர்களுக்கு, ஒன்று மூடிய நுரை, அல்லது திறந்த நுரையில் இரண்டு ஜோடி வாங்கி மாற்றி மாற்றிப் போடுவது. மெமரி ஃபோம் என்று விற்பது வியர்க்கும் காலுக்குச் சரிவராது. ஈரத்தில் பொத்தென்று அமுங்கிவிடும்.

கழுத்து உயரம். ஒவ்வொரு அடியிலும் கால் அழுந்தி எழும்போது கொல்லன் துருத்தி மாதிரி காற்று கழுத்து வழியாக உள்ளே போய் வெளியே வரும். கணுக்காலை மூடிக் கட்டும் பூட்ஸில் இந்தத் துருத்தி வேலை செய்யாது. அதிகம் சுரக்கிற கணுக்காலும் அதற்குள் மாட்டிக்கொள்ளும். 15 கிலோவுக்கு மேல் சுமை இல்லாமல், கணுக்காலில் பழைய காயமும் இல்லாமல் இருந்தால் தாழ்ந்த கழுத்தே போதும். எடையும் முக்கியம்: மெஷ் ஷூ ஒன்று 300, 350 கிராமுக்குள் முடியும், பூட்ஸ் ஒன்று 500 முதல் 700 வரை போகும். கனமான ஷூவைத் தூக்கி வைக்கிற உழைப்பும் உடல்சூடாகித் திரும்ப வியர்வையாகத்தான் வரும்.

அடிப்பாகம். 4 அல்லது 5 மில்லிமீட்டர் ஆழப் பற்கள், ஈரப்பாறையில் பிடிக்கும் மிருதுவான ரப்பர். நகத்தால் அழுத்தினால் ரப்பர் கொஞ்சம் கொடுக்க வேண்டும்.

மலையேற்றச் செருப்பு, அதாவது பட்டை வைத்த சாண்டல், வியர்வைக்கு இதைவிட நல்ல பதில். காய்ந்த மலையில், நன்றாகத் தெரிந்த பாதையில் அதைத் தாராளமாகப் போடலாம். முள், பாறை இடுக்கு, அட்டை மூன்றும் உள்ள இடத்தில் விரல்கள் பாவம். ஈரமான செருப்பில் கால் முன்னும் பின்னும் வழுக்குவதும் இறக்கத்தில் ஆபத்து. வெள்ளியங்கிரியில் வெறுங்காலில் ஏறுகிறவர்கள் கூட்டத்தைப் பார்த்தால் இந்தக் கட்டுரையே தேவையா என்று தோன்றலாம். அந்தக் கால்களுக்குப் பழக்கம் வேறு, வேண்டுதல் வேறு.

## 4. அளவு

வியர்க்கும் கால் வீங்கவும் செய்யும், இறுக்கமான ஷூவில் காற்றும் புகாது. அதனால் அளவில் கஞ்சத்தனம் கூடாது.

மாலை நேரத்தில், கொஞ்சம் நடந்துவிட்டுக் கடைக்குப் போங்கள். மலையில் போடப்போகிற அதே சாக்ஸை எடுத்துச் செல்லுங்கள். முதலில் இன்சோலை வெளியே எடுத்துத் தரையில் போட்டு, குதிகாலைச் சரியாக வைத்து அதன் மேல் ஏறி நில்லுங்கள். நீளமான விரலுக்கு முன்னால் 10 முதல் 15 மில்லிமீட்டர் இடம் வேண்டும். சுண்டுவிரல் ஓரத்துக்கு வெளியே வழியக் கூடாது. பலருக்கு இரண்டாவது விரல்தான் நீளம் என்பதையும், ஒரு கால் மற்றதைவிடப் பெரிதாக இருக்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம். பெரிய காலுக்கு வாங்குங்கள்.

நம் கடைகளில் உள்ள யூகே அளவில் ஒரு எண்ணுக்கும் அடுத்ததற்கும் சுமார் 8.5 மில்லிமீட்டர் வித்தியாசம். அரை அளவு பெரும்பாலும் கிடைக்காது. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டால் பெரியதை எடுத்து லேஸால் சரிசெய்யுங்கள். சிறியதை எடுத்துவிட்டு ‘போடப் போடத் தளரும்’ என்று காத்திருப்பது செயற்கை இழை ஷூவில் நடக்காது.

பெரிய ஷூவில் குதிகால் தூக்குவதைத் தடுக்க, மேலே கடைசியாக இருக்கும் கூடுதல் துளையைப் பயன்படுத்த வேண்டும். லேஸை அதே பக்கத்துக் கடைசித் துளைக்குள் விட்டு ஒரு சிறு வளையம் உண்டாக்குங்கள். எதிர்ப்பக்க லேஸ் முனையை அந்த வளையத்துக்குள் நுழைத்துக் கீழ்நோக்கி இழுத்துக் கட்டுங்கள். குதிகால் பூட்டிவிடும், விரல்பக்கம் தளர்வாகவே இருக்கும். கடையில் சரிவுப் பலகை இருந்தால் அதில் இறங்கிப் பாருங்கள், இல்லாவிட்டால் படிக்கட்டு. விரல் முன்னால் இடித்தால் அந்த ஷூ வேண்டாம். இறக்கத்தில் நகம் கறுத்துவிடும்.

## 5. சாக்ஸில் பாதி வெற்றி

ஷூவுக்கு ஒதுக்கிய பணத்தில் ஐந்தில் ஒரு பங்கையாவது சாக்ஸுக்கு வையுங்கள்.

பருத்தி வேண்டாம். தண்ணீரை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும், காயாது, நனைந்ததும் தொளதொளத்து மடிப்பு விழும், மடிப்பில் கொப்புளம் வரும். ஸ்போர்ட்ஸ் சாக்ஸ் என்று எழுதியிருப்பதில் பெரும்பாலானவை பருத்தி அதிகமுள்ளவைதான். லேபிளைத் திருப்பிப் படியுங்கள். மூங்கில் சாக்ஸ் என்று விற்பது விஸ்கோஸ் இழை. நாற்றம் வராது என்பார்கள். பருத்தியைவிட அதிகம் தண்ணீர் குடிக்கும் இழை அது.

மீதி இரண்டு. மெரினோ என்ற செம்மறியாட்டின் மெல்லிய கம்பளி தன் எடையில் சுமார் மூன்றில் ஒரு பங்கு ஈரத்தைத் தன் இழைக்குள் வாங்கிக்கொண்டும் தொட்டால் நனைந்ததாகத் தெரியாது; நாற்றமும் குறைவு. கம்பளி என்றதும் சூடு என்று பயப்பட வேண்டாம், மெல்லிய பின்னலில் வெயிலுக்கும் சரிவரும். பாலியெஸ்டர், நைலான் இழைகள் தண்ணீரைக் குடிப்பதே இல்லை என்னும் அளவுக்குக் குறைவு. வியர்வையை மேலே கடத்திவிட்டுச் சீக்கிரம் காயும், ஆனால் இரண்டாம் நாள் நாறும். ஒரே நாள் நடை, கடும் வெயில், ஓடைகள் என்றால் செயற்கை இழை. இரவு தங்கல் உண்டென்றால் மெரினோவும் நைலானும் கலந்தது. மெரினோ பாதி அளவு இருந்தால் போதும், நைலான் இல்லாத மெரினோ குதிகாலில் சீக்கிரம் ஓட்டை விழும்.

விரல் இடுக்கில் ஊறிப் புண்ணாகிறவர்கள், கையுறை மாதிரி விரல் பிரித்த சாக்ஸை முயன்று பாருங்கள். ஒவ்வொரு விரலுக்கும் நடுவில் ஒரு துணி வந்துவிடுவதால் தோலோடு தோல் உரசாது. போடுவதற்குத்தான் பொறுமை வேண்டும்.

எத்தனை ஜோடி? ஒரு நாள் நடைக்கு 3. இரவு தங்கினால் நடக்க 3, தூங்க 1. தூங்கும் ஜோடியை எந்தக் காரணத்துக்காகவும் நடக்கப் போடாதீர்கள்.

## 6. காலைத் தயார் செய்தல்

உள்ளங்கால் சும்மாவே வியர்க்கும் வகையினர் அலுமினியம் குளோரைடு கலந்த வியர்வைத் தடுப்பு மருந்தை முயலலாம். 1998-இல் வெளியான ஓர் ஆய்வில், 20 சதவீத அலுமினியம் குளோரைடைத் தொடர்ந்து சில இரவுகள் பூசிக்கொண்ட அமெரிக்க ராணுவப் பயிற்சி மாணவர்களில் 21 சதவீதத்தினருக்குத்தான் 21 கிலோமீட்டர் நடையில் கொப்புளம் வந்தது. மருந்தில்லாத போலிக் கரைசல் பூசியவர்களில் 48 சதவீதம். கொப்புளம் பாதிக்கும் கீழே போனது, ஆனால் மருந்து பூசியவர்களில் பாதிப் பேருக்கு மேல் தோல் எரிச்சலும் வந்தது. அதனால் குறைந்த அடர்த்தியில் தொடங்குவது நல்லது. எந்த அடர்த்தி என்பதைத் தோல் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பூசும் முறை: பயணத்துக்கு 7 நாளுக்கு முன் தொடங்குங்கள். இரவு படுக்கும் முன், முழுக்க உலர்ந்த காலில் மட்டும். ஈரத்தோலில் பூசினால் எரியும். காலையில் கழுவிவிடுங்கள். வெடிப்பு, புண் இருந்தால் வேண்டாம். நடக்கும் அன்று காலையில் பூசுவதில் பயனில்லை.

முகப் பவுடரைக் கொட்டாதீர்கள். வியர்வையோடு சேர்ந்து களியாகி விரலிடுக்கில் உருளும். வாசலின் முதலில் வழுக்கும். நேரம் ஆக ஆக உராய்வு முன்பைவிடக் கூடும், வியர்வையையும் அடைக்கும். பிளாஸ்டர் ஒட்டுகிறவர்கள் வீட்டிலேயே, வியர்க்கத் தொடங்கும் முன் ஒட்டுங்கள்: இடத்தைச் சோப்பால் கழுவி, உலர்த்தி, டிங்க்சர் பென்சாயின் (பிளாஸ்டர் நன்றாக ஒட்ட உதவும் பிசின் கரைசல்) தடவி ஒரு நிமிடம் விட்டு, மூலைகளை வட்டமாக வெட்டிய பிளாஸ்டரைச் சுருக்கமில்லாமல் ஒட்டி, உள்ளங்கையால் அழுத்திப் பிடியுங்கள். பாதி வழியில் ஈரக்காலில் ஒட்டியது பத்து நிமிடத்தில் சுருண்டு, அதுவே கொப்புளத்தைக் கிளப்பும்.

## 7. நடக்கும்போது

ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை உட்காருங்கள். ஷூவையும் சாக்ஸையும் கழற்றி, இன்சோலை வெளியே எடுத்து, காலைத் துண்டால் துடைத்து 10 நிமிடம் காற்றில் விடுங்கள். பிறகு உலர்ந்த ஜோடி சாக்ஸ். ஈரமானதைப் பிழிந்து பைக்கு வெளியே ஊக்கு குத்தித் தொங்கவிட்டால் அடுத்த நிறுத்தத்துக்குள் ஓரளவு காய்ந்திருக்கும். கூட்டமாகப் போகும்போது இதற்காக நிற்கக் கூச்சப்படுவார்கள். கொப்புளம் உடைந்து நொண்டினால் அதே கூட்டம் இன்னும் அதிக நேரம் நிற்க வேண்டியிருக்கும்.

ஏதோ ஓர் இடத்தில் சூடாக, லேசாக எரிகிற மாதிரி இருந்தால் உடனே நில்லுங்கள். கொப்புளம் வருவதற்கு முன் அறிவிப்பு அது மட்டும்தான்.

அட்டை உள்ள காட்டில் முழங்கால் வரை வரும் அட்டைத் தடுப்பு சாக்ஸ் போட வேண்டியிருக்கும். நெருக்கமாக நெய்தது என்பதால் காலைப் புழுக்கும். தடித்த பருத்தியில் தைத்ததைவிட மெல்லிய நைலான் துணியில் தைத்தது மேல். உள்ளே மிக மெல்லிய சாக்ஸ் ஒன்று போதும். உப்பு, புகையிலைத்தூள், சுண்ணாம்பு ஆகியவற்றை வெளித்துணியில் மட்டும் தேயுங்கள். சாக்ஸுக்குள் போன உப்பு வியர்வையில் கரைந்து, ஊறிய தோலை உப்புத்தாள் மாதிரி அறுக்கும். அட்டைப் பகுதியில் கழற்றி உட்கார முடியாது. பாறையோ வெயில் படும் திறந்த இடமோ வரும்வரை பொறுங்கள்.

இரவு முகாமில் ஷூவை நெருப்புக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். அடிப்பாகத்தை ஒட்டிய பசை இளகிவிடும். காலையில் ஷூ வாயைப் பிளந்து சிரிக்கும். இன்சோலையும் சாக்ஸையும் ஸ்லீப்பிங் பேகுக்குள் வயிற்றோரம் வைத்துக்கொண்டால் உடல்சூட்டில் காயும்.

## 8. வந்த பிறகு

அன்றைக்கே லேஸைத் தளர்த்தி, நாக்கை முழுக்க வெளியே இழுத்து, இன்சோலைத் தனியாக எடுத்து, செய்தித்தாளைக் கசக்கி உள்ளே திணியுங்கள். முதல் ஒரு மணி நேரத்தில் தாள் ஊறிவிடும், மாற்றுங்கள். பிறகு மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை. ஃபேன் காற்று நல்லது, உச்சி வெயில் வேண்டாம். ஒரு ஜோடி ஷூவுக்கு இரண்டு நடைகளுக்கு நடுவில் 24 மணி நேரமாவது ஓய்வு வேண்டும்; நம் கடற்கரை ஊர்களில் மழைக்காலத்தில் 48.

காலைப் பாருங்கள். வெளுத்துச் சுருங்கியது ஓரிரு மணி நேரத்தில் சரியாகிவிடும். விரலிடுக்கில் வெள்ளையாக உரிந்து அரித்தால் சேற்றுப்புண். குளோட்ரிமசோல் களிம்பை, அரிப்பு நின்ற பிறகும் மருத்துவர் சொன்ன நாள் வரை பூச வேண்டும். பாதியில் விட்டால் திரும்ப வரும். குதிகாலிலும் பாதத்தின் முன்பகுதியிலும் ஊசியால் குத்தியதுபோல் சிறு குழிகள், கூடவே சகிக்க முடியாத நாற்றம் என்றால் அது பூஞ்சை இல்லை, பாக்டீரியா. பூஞ்சைக் களிம்பு அதற்குக் கேட்காது, தோல் மருத்துவரிடம் போக வேண்டும். சர்க்கரை நோயாளிகள் சிறு கொப்புளத்தைக்கூட வீட்டு வைத்தியத்தில் விடக் கூடாது.

நாறும் ஷூவுக்குள் வாசனை ஸ்பிரே அடிப்பதால் நாற்றத்துக்கு இன்னொரு வாசனை சேரும், அவ்வளவுதான். இன்சோலைச் சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள், அல்லது மாற்றுங்கள். மெஷ் ஷூவை வெதுவெதுப்பான தண்ணீரில் கையால் கழுவலாம். வாஷிங் மெஷின் வேண்டாம்.

ஷூவைப் பெட்டியில் போட்டுப் பரணில் வைக்கிற வழக்கம் உள்ளவர்களுக்கு ஒன்று. பாலியூரித்தேன் நுரையால் ஆன மிட்சோல் (இன்சோலுக்கும் அடி ரப்பருக்கும் நடுவில் உள்ள அடுக்கு) உள்ள ஷூக்களைக் காற்றில் உள்ள ஈரமே மெல்ல மெல்ல உடைத்துவிடும். ஐந்தாறு வருடம் போடாமல் வைத்திருந்த, பார்க்கப் புத்தம் புதிதாக இருக்கும் பூட்ஸ், மலையில் இரண்டாவது கிலோமீட்டரில் அடியோடு பெயர்ந்து வருவது இதனால்தான். ஈவிஏ மிட்சோலில் இந்தத் தொல்லை கிடையாது. எதுவானாலும் மூடிய பிளாஸ்டிக் பையில் வைக்காமல் காற்றுப் படும் அலமாரியில் வையுங்கள். நீண்ட நாள் கழித்து எடுக்கும்போது, கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே போட்டுக்கொண்டு மாடிப்படியில் பத்து முறை ஏறி இறங்குங்கள். பிய்வதாக இருந்தால் வீட்டிலேயே பிய்ந்துவிடட்டும்.